ரிங்குக்குக் கீழே நெல்

எங்கள் ஊரின் கூடைப்பந்து மைதானங்களுக்கு ஒரு வரலாறு உண்டு. அதை எழுத எனக்குத் தகுதி இருக்கிறது. மூன்று மைதானங்களிலும் நான் விழுந்து முழங்காலைப் பெயர்த்துக்கொண்டவள். மூன்றிலும் என் அப்பாவின் நெல் கிடந்திருக்கிறது. ஒன்றில்கூட நான் ஆடி அப்பா பார்த்ததில்லை.

முதலாவது, நீடாமங்கலம் போகும் சாலையில் இருந்த ரைஸ் மில் களம். அப்போது ஊரில் பந்து எழும்புகிற மாதிரி சிமெண்டுத் தரை அது ஒன்றுதான். மில்காரரின் மகள் விடுதிப் பள்ளியில் இந்த ஆட்டத்தைக் கற்றுக்கொண்டு வந்தாள். அவளுக்காக அவர் ஒரு கம்பத்தில் இரும்பு வளையத்தை வெல்டிங் வைத்துக் கொடுத்தார். களம் காலியாக இருந்தால் ஆட்டம். மூன்று வேளையும் சோறு தின்கிற ஊரில் களம் என்றைக்குக் காலியாக இருக்கும்? புழுங்கல் நெல் ஓரத்துக்கு ஒதுங்கிய நாட்களில் பாதிக் களத்தில் ஆடுவோம். சிதறிய நெல்மணி மேல் கால் பட்டால் போதும், சறுக்கிக்கொண்டு போய்விடும்.

இரண்டாவது பள்ளிக்கூடத்தில் வந்தது. புத்தம் புது சிமெண்டுத் தரை, இரண்டு ரிங். ஆனால் கிழக்கு மேற்காகக் கட்டித் தொலைத்தார்கள். வெளியூரிலிருந்து வந்த பயிற்சியாளர் தலையில் அடித்துக்கொண்டார்.

"வாஸ்துப்படிதான் சார் போட்டிருக்கோம்" என்றார் காண்ட்ராக்டர், ரொம்பப் பெருமையாக.

சாயங்கால ஆட்டத்தில் மேற்கே பார்த்துப் போடுகிற அணிக்கு ரிங் தெரியாது, சூரியன்தான் தெரியும். பாதி ஆட்டம் முடிந்து பக்கம் மாறுவதற்குள் அதுவும் இறங்கிவிடும், எதிரணிக்குக் கொண்டாட்டம்.

அதைக்கூடப் பொறுத்துக்கொண்டேன். தை பிறந்தால் அந்தத் தரையும் நெல்லுக்குப் போய்விடும், அதைத்தான் பொறுக்க முடியவில்லை. மாவட்டப் போட்டியும் அதே நாட்களில்தான் வரும். நான் பந்தை இடுப்பில் இடுக்கிக்கொண்டு ஓரத்தில் நிற்பேன். அப்பா காலால் நெல்லைக் கோடு கோடாகத் துழாவிக்கொண்டே, "ஒரு நாளைக்கு வந்து பாக்குறேம்மா. இந்த ஈரம் மட்டும் இறங்கட்டும்" என்பார். நான் கல்லூரி முடிக்கும்வரை அந்த ஈரம் இறங்கவில்லை.

மூன்றாவது, கூரை போட்ட அரங்கம். மரத்தரை. அதற்காக எத்தனை திங்கட்கிழமை கலெக்டர் ஆபீஸ் குறைதீர் நாளில் மனுவோடு நின்றிருப்பேன் என்று எனக்கே கணக்கில்லை. கடைசியில் கட்டிவிட்டார்கள். ஆனால் அதற்குள் என் முழங்கால் கைவிட்டுவிட்டது. ஒரே ஒரு போட்டி, அதோடு நிறுத்திக்கொள்ளுங்கள் என்றார் டாக்டர். பெண்கள் பிரிவு மாவட்ட இறுதிப் போட்டி, சொந்த ஊரில்.

"இதுக்குக் கண்டிப்பா வர்றேன். உள்ளாறதான ஆடுறீங்க, வெயிலா மழையா?" என்றார் அப்பா. வெள்ளைச் சட்டையைத் தேய்த்து மாட்டி வைத்தார்.

முதல் நாள் ராத்திரி மழை பிடித்துக்கொண்டது. கொள்முதல் நிலையத்தில் சாக்கு வரவில்லை, லாரி வரவில்லை என்று பத்து நாளாக நெல்லைத் திறந்த வெளியில் போட்டு வைத்திருந்தார்கள். விடிந்ததும் அரங்கத்து வாட்ச்மேன் போன் பண்ணினார். அணிச் செயலாளர் என்ற முறையில் அரங்கச் சாவி என்னிடம் இருந்தது.

போய்ப் பார்த்தால் வாசலில் வரிசையாக டிராக்டர்கள். முதல் டிராக்டர் பக்கத்தில் அப்பா, அதே வெள்ளைச் சட்டை, தொப்பலாக நனைந்து.

"நெல்லை உள்ள அடுக்கிக்க ஆபீசர் வாய்வார்த்தையா சரின்னுட்டாரு. நீங்க சொன்னா தொறந்துடலாம்மா" என்றார் வாட்ச்மேன்.

அப்பா ஒரு வார்த்தை கேட்டிருந்தால் முடியாது என்று சொல்லியிருப்பேன். அவர் வாயைத் திறக்கவில்லை. சாவியைக் கொடுத்துவிட்டேன். ஆத்திரத்தில் அழுகை வந்தது. விளைகிற நெல்லை வைக்க ஒரு கிடங்கு கட்டத் துப்பில்லை, அதற்கு என் கடைசி ஆட்டம்தான் கிடைத்ததா?

போட்டியைத் தஞ்சாவூருக்கு மாற்றினார்கள். நான் பையோடு வேனுக்குக் கிளம்பியபோது அரங்கம் முழுக்க மூட்டை அடுக்கியாயிற்று. எடை போடும்வரை நெல்லை விட்டு அப்பா நகர முடியாது. ஒரு மூட்டை மேல் உட்கார்ந்து வாசலுக்கு நேரே இருந்த ரிங்கை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

"இவ்வளவு உசரத்துலயாம்மா போடுவ? எங்க, ஒண்ணு போடு. பாத்துக்குறேன்."

பந்து பையில்தான் இருந்தது. "இடம் எங்க இருக்குப்பா?" என்று எரிந்து விழுந்துவிட்டு வேனில் போய் ஏறினேன்.

தஞ்சாவூரில் இரண்டாம் பாதியில் எனக்கு ஃப்ரீ த்ரோ கிடைத்தது. ஃப்ரீ த்ரோவுக்கு ஓட வேண்டாம், பந்தைத் தட்ட வேண்டாம். நின்ற இடத்திலிருந்தே போடலாம். கோட்டில் பந்தோடு நின்றபோதுதான் அது எனக்கு உறைத்தது. காலையில் அரங்க வாசலில் அந்த அளவு இடம் இருந்தது.