நேசன் அண்ணாவின் இருபத்துநாலு இன்ச் ட்ரௌட்

நேசன் அண்ணா இறந்துவிட்டார். நேற்று காலை. ஹார்ட் அட்டாக். ஐம்பத்துமூன்று வயது.

'இயற்கை எய்தினார்' என்றெல்லாம் எழுத எனக்கு வராது. ஒரு விஷயத்தைத் திருத்தத்தான் இந்தப் பதிவு. மொன்ட்ரியால் ஆட்கள் முழுதாகப் படியுங்கள். குறிப்பாக, அவர் வீட்டில் கூழ் குடிக்க வந்தவர்கள்.

தெரியாதவர்களுக்கு... நாங்கள் ஒரே மெஷின் ஷாப். அவர் லேத்தில் கடைவார், நான் க்வாலிட்டி, அதை அளப்பேன். அவர் யாழ்ப்பாணம், நான் கோயம்புத்தூர்.

முதல் வாரமே அவர் கடைந்த எட்டு ஷாஃப்டை ரிஜெக்ட் செய்தேன்.

"தம்பி, மைக்ரோமீட்டரைக் கதவடியில வச்சிருக்கிறீர். அது குளிர்ந்து போய்க் கிடக்கு. கொஞ்சம் பொறுத்து அளந்து பாரும்."

அரை மணி நேரம் கழித்து அளந்தேன். எட்டும் சரி. அவர் விசிலடித்துக்கொண்டே லேத்துக்குப் போனார். எனக்குத்தான் எரிச்சல்.

அவருக்கு ஒரு கிறுக்கு உண்டு. ஒவ்வொரு பிப்ரவரியும் லீவு போட்டுவிட்டு கல்கரிக்குப் பறப்பார். அங்கே 'போ' என்ற ஆற்றில் ட்ரௌட் மீன் பிடிக்க. ஃப்ளை ஃபிஷிங். புழு கிடையாது... எள்ளளவு கொக்கியில் நூலும் இறகும் சுற்றிப் பூச்சி மாதிரி செய்து, அதை வீசுவார்.

பிடித்த மீனை அங்கேயே விட்டுவிடுவார். படமும் எடுக்க மாட்டார். அந்தக் குளிரில் தண்ணீருக்கு வெளியே தூக்கினால் மீனின் செவுள் உறைந்துவிடும் என்பார்.

மீன் இல்லை, படம் இல்லை. ஆகவே ஒருவரும் நம்பவில்லை. நானும்தான். போன வருடம் அவருடன் போனேன். மீன் பிடிக்க இல்லை, வெரிஃபை பண்ண.

மைனஸ் ஒன்பது. கரையோரம் பனிக்கட்டி, நடுவில் கறுப்பாக ஓடும் தண்ணீர். ஏழு மணிக்கே கிளம்பலாம் என்றேன்.

"என்னத்துக்கு? மத்தியானம் வரைக்கும் மீன் வாய் திறக்காது. தேத்தண்ணியைக் குடியும்."

பிறகு இரண்டு மணி நேரம் இடுப்பளவு ஆற்றில். தூண்டில் ராடில் நூல் ஓடும் வளையங்களில் பனி அடைத்துக்கொண்டே இருந்தது, விரலால் உடைத்துக்கொண்டே இருந்தோம். இங்கே ஒன்றும் இல்லை, இடத்தை மாற்றலாம் என்று நான்கு தடவை சொன்னேன்.

"குளிருக்க அதுகள் மெல்லமா ஓடுற தண்ணிக்கு அடியிலதான் கிடக்குங்கள். உம்மைப்போல அதுகளுக்கும் அவசரமெண்டால் எப்பவோ மாட்டியிருக்கும். பேசாமல் நில்லும்."

நின்றேன். அவருடைய தூண்டில் நூலில் இருந்த மிதப்பு நின்றது. மூழ்கவில்லை... ஓடிக்கொண்டிருந்தது சும்மா நின்றது, அவ்வளவுதான். ராடைத் தூக்கினார்.

பத்து நிமிடம் இழுபறி. ப்ரவுன் ட்ரௌட். மஞ்சள் வயிறு, என் கை நீளம். வலையோடு தண்ணீருக்குள்ளேயே வைத்து, ராடை அதன் பக்கத்தில் பிடித்தார். ராடின் அடியிலிருந்து இருபத்துநாலு இன்ச்சில் ஒரு சிவப்பு நூல் சுற்றி வைத்திருந்தார். வால் அதைத் தாண்டி நின்றது.

"நூலைத் தாண்டிட்டுது தம்பி! பாத்தனீரோ?"

"ஒரே ஒரு செகண்ட் தூக்குங்கண்ணா, ஃபோட்டோ!"

"தூக்கேலாது. தண்ணிக்குள்ளயே எடும்."

ஃபோனை எடுத்தேன். குளிரில் பேட்டரி செத்திருந்தது. மீன் போய்விட்டது.

அடுத்த மாதம் மொன்ட்ரியால்-நோரில் அவர் வீட்டில் ஒடியல் கூழ், பனங்கிழங்கு மாவில் காய்ச்சுவது. அதற்குள் பார்க் எக்ஸ்டென்ஷன் கடையில் வாங்கிய மீனும் நண்டும். எல்லோர் கையிலும் கோப்பை. அவர் கதையை ஆரம்பித்தார்.

"இவன் கல்கரிக்குப் போய் மீனுக்குச் சுகம் விசாரிச்சிட்டு வாறவன்" என்றார் அவருடைய கூட்டாளி ஒருவர்.

"மனிசிக்கு ஒரு செதிலாவது கொண்டு வந்தனியேடாப்பா?" என்றார் இன்னொருவர்.

நேசன் அண்ணா என் பக்கம் கையைக் காட்டினார். "தம்பியைக் கேளுங்கோ. அவர் பாத்தவர்."

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நான் சொன்னது இதுதான், வார்த்தை மாறாமல்: "நூல் சுத்தினதெல்லாம் காலிபரேட் பண்ணின ஸ்கேல் இல்லைங்க. கன்ஃபர்ம் பண்ண முடியாது."

வீடே சிரித்தது. அவரும் சிரித்தார். என் கோப்பையில் இன்னும் கொஞ்சம் கூழ் ஊற்றினார்.

அதற்குப் பிறகு அந்த மீனைப் பற்றி அவர் பேசி நான் கேட்கவில்லை. இந்த பிப்ரவரி தனியாகவே போய் வந்தார். என்ன மாட்டியது என்று அவர் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

இன்று காலை அவர் வீட்டுக்குப் போனேன். கொஞ்ச நேரம் உட்கார்ந்தேன். பிறகு அந்த ராடைப் பார்க்க வேண்டும் என்றேன். அவர் மனைவி, கோட்டுகளுக்குப் பின்னாலிருந்து எடுத்துக் கொடுத்தார்.

என் பையில் எப்போதும் ஸ்டீல் டேப் இருக்கும். போன வருடமும் அந்தப் பையில்தான் இருந்தது... பை ஹோட்டல் ரூமில்.

ராடின் அடியிலிருந்து சிவப்பு நூல் வரை. மூன்று தடவை அளந்தேன். மூன்று தடவையும் இருபத்துநாலு. ஒரு மயிரிழை கூட மாறவில்லை.

"என்ன தம்பி அளக்கிறீர்?"

"அண்ணா பிடிச்ச மீனை, அக்கா."

"அப்ப... உண்மையாவே பிடிச்சவரோ?"

"பிடிச்சாரு அக்கா. நான் பக்கத்துலயே நின்னு பார்த்தேன்."

உள்ளே திரும்பி மகளைக் கூப்பிட்டார். "இவளுக்கும் ஒருக்காச் சொல்லும்" என்றார். சொன்னேன்.

இப்போது உங்களுக்கும் சொல்கிறேன். ப்ரவுன் ட்ரௌட். வால் நூலைத் தாண்டி இருந்தது. இருபத்துநாலு இன்ச்சுக்கு மேல்.

கன்ஃபர்ம்ட்.

போய் வாருங்கள் அண்ணா.