மிஷின் சத்தத்தில் தேறிய நாய்

எங்கள் வீட்டுப் பின்கட்டில் பனியன் துணி பின்னும் மிஷின் பகல் முழுக்க ஓடும். வாசலில் யார் வந்தாலும் தெரியாது. கணவர் பெரிய தொண்டையுள்ள நாயாகப் பார்த்து வாங்கி வாசலில் கட்டினார். அதன் குரைப்பும் மிஷின் சத்தத்தில் கேட்கவில்லை. காயப்போட்ட துணி திருட்டுப் போனது.

அடுத்த நாயை நான் தேர்ந்தெடுத்தேன். பக்கத்து வீட்டுக் குட்டிகளை ஓடும் மிஷின் அருகே விட்டேன். எல்லாம் மிரண்டு ஓட, ஒன்று மட்டும் குரைக்காமல் என் காலடிக்கு வந்தது.

"இந்த ஊமையா நம்ம ஊட்டக் காக்கப் போகுது?" என்று கணவர் சிரித்தார்.

போன மாதம், வளர்ந்துவிட்ட அந்த நாய் ஓடும் மிஷின் வரைக்கும் வந்து என் சேலையைப் பிடித்து இழுத்தது. வாசலுக்குப் போனால், எவனோ எங்கள் துணி மூட்டையைச் சைக்கிளில் ஏற்றிக்கொண்டிருந்தான்.

"ஏனுங்க, அது எங்க மூட்டைங்க!" என்று கத்தினேன். மூட்டையைப் போட்டுவிட்டுப் பறந்தான்.

இப்போது எங்கள் தெருவில் மிஷின் ஓட்டும் யார் நாய் வளர்க்க நினைத்தாலும், குட்டிகளை எங்கள் மிஷின் அருகே விட்டு நான்தான் தேர்ந்து கொடுக்கிறேன். நாய் கேட்பவர்களைக் கூட்டிவருவது என் கணவர்.