லேபிளில் மதினி பெயர்

தென்காசியில் ஓர் அரசு அலுவலகத்தில் எனக்கு எழுத்தர் வேலை. லீவு நாட்களில் நார்த்தங்காய் ஊறுகாய் போடுவேன். குற்றாலத்தில் கடை வைத்திருக்கும் அண்ணாச்சி ஒருவர் ருசி பார்த்துவிட்டு, "சீசனுக்கு என் கடைக்கும் போடுங்க. ஆனா பாட்டில்ல தயாரிக்கிறவங்க பேரும் பதிவு நம்பரும் இருக்கணும்" என்றார்.

ஆசையோடு போய் எங்கள் அதிகாரியிடம் அனுமதி கேட்டேன். "அரசு ஊழியர் வியாபாரம் பண்ண விதி இடம் கொடுக்காதும்மா. வீட்ல வேற யாராவது அவங்க பேர்ல பண்ணட்டும். எனக்கு ஒரு தகவல் மட்டும் எழுதிக் கொடுத்துருங்க" என்றார் அவர். என் வீட்டுக்காரர் போலீஸ். அவருக்கும் அதே விதி.

இலத்தூரில் இருக்கும் அவருடைய அக்காவைக் கேட்டோம். மதினி யோசிக்கவே இல்லை. பதிவு அவர்கள் பெயரில், அவர்கள் வீட்டு முகவரிக்கு வந்தது. அதனால் ஞாயிறுதோறும் பஸ் ஏறிப் போய் அவர்கள் அடுப்படியில்தான் ஊறுகாய் போட்டேன். லேபிளில் மதினியின் பெயரும் போன் நம்பரும்.

சாரல் நாளொன்றில் அருவியில் குளித்துவிட்டு ஈரத்தலையோடு அண்ணாச்சி கடையில் நின்றிருந்தேன். செங்கோட்டைப் பக்கத்து அம்மா ஒருவர் பாட்டிலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "போன தடவ வாங்கினது. இப்படி ஒரு கைப்பக்குவம் எங்க வீட்ல யாருக்கும் இல்ல" என்று சொல்லிவிட்டு, மதினியின் பெயரை எழுத்துக்கூட்டி வாசித்தார். போட்டது நான்தான் என்று நாக்கு நுனி வரை வந்தது. அண்ணாச்சி என்னைப் பார்த்தார். நான் துண்டால் தலையைத் துவட்டிக்கொண்டிருந்தேன்.

பாராட்டிப் போன் வந்தால் மதினி அன்றைக்கே என்னிடம் ஒப்பித்துவிடுவார்கள். கேட்கக் கேட்க ஆசையாக இருக்கும். ஆனாலும் அது யாரோ எனக்குச் சொல்லி அனுப்பிய சேதி மாதிரிதான் வந்து சேரும்.

போன மாதம் நான் அங்கே இருக்கும்போதே ஒரு போன் வந்தது. "ஊறுகா போடுதவ இங்கனதான் இருக்கா, அவகிட்டயே கேளுங்க" என்று மதினி போனை என் கையில் கொடுத்துவிட்டார்கள். சுரண்டையிலிருந்து ஒரு பெண். உப்பில் எத்தனை நாள் ஊற வேண்டும், கசப்பு எப்படிப் போகிறது என்று கேட்டாள். நானும் வெகுநேரம் சந்தோஷமாகப் பேசினேன். கடைசியில், "உங்க பேரு என்னக்கா?" என்றாள்.

மதினியின் பெயரைச் சொன்னேன்.

பூண்டு உரித்துக்கொண்டிருந்த மதினி நிமிர்ந்து பார்த்தார்கள். "ஏட்டி, உன் பேரையே சொல்லிருக்கலாம்லா?"

சொல்லியிருக்கலாம். போனில் பெயர் சொல்வதை எந்த விதியும் தடுக்கவில்லை. ஆனால் வாயில் வந்தது அதுதான்.