தங்கப்பாண்டி அண்ணனின் ஆறு மணி ஜீப்

செவ்வாய்க்கிழமை காலை, மதுரையில் அக்கா வீட்டில் இருந்தபோது எஸ்டேட் சூப்பர்வைசர் போன் செய்தார். "நம்ம ஜீப்புக்காரர் தங்கப்பாண்டி போயிட்டாரும்மா. நெஞ்சுவலி. ஆஸ்பத்திரிக்குப் போற வழியிலேயே முடிஞ்சிருச்சு." நான் "சரிங்க சார்" என்று மட்டும் சொன்னேன். போன வருடம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, "ஜீப்பு ரெடி சார்" என்று இதே சூப்பர்வைசரிடம் நான் சொன்னது முழுப் பொய் என்பதைச் சொல்லவில்லை.

அண்ணனை அறியாதவர்களுக்காகச் சொல்கிறேன். போடியில் மலையடிவாரத்துக் கடைசித் தெருவில் எங்கள் பக்கத்து வீட்டுக்காரர். வயது நாற்பத்தெட்டு. ஏலக்காய் எஸ்டேட் வேலைக்குப் போகும் பன்னிரண்டு பேரைத் தினமும் காலை ஆறு மணிக்கு ஏற்றிக்கொண்டு போடிமெட்டு வழியாக மேலே கொண்டுபோய் விடுவார். எஸ்டேட் மருந்தகத்தில் வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து நான் பதிமூன்றாவது ஆள். முதல் நாள் நான் புத்தகத்தோடு ஏறியதைப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "ஆத்தா, மூணாவது வளைவு வரைக்கும் படி. அதுக்கு மேல படிச்சா, தின்னதெல்லாம் வெளிய வந்துரும்."

நான் நான்காவது வளைவு வரை படித்தேன். அவர் சொன்னதுதான் நடந்தது. வண்டியை ஓரங்கட்டி, தண்ணீர் பாட்டிலை என்னிடம் நீட்டிவிட்டு, நான் முகம் கழுவி முடிக்கும்வரை எதிர்ப்பக்கத்து மலையையே பார்த்துக்கொண்டு நின்றார். அதைப் பற்றி யாரிடமும் பேசவில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமைக்கு வருகிறேன். முந்தின நாள்தான் ஜீப்பின் கிளட்ச் தேய்ந்து போயிருந்தது. ஜீப் கம்பெனியின் அசல் சாமான் வர ஒரு வாரம் ஆகும் என்றார்கள். அண்ணன் வேறொரு கம்பெனியின் செட்டை வாங்கி, வீட்டு வாசலிலேயே தன் கையால் மாட்டினார். மதியம் கிளட்ச் பெடலை மிதித்தால் பஞ்சு மூட்டையில் கால் வைத்ததுபோல் தரைவரை போனது. கியர் விழவில்லை.

"ஊரு பேரு தெரியாத சாமானை வாங்காதீங்கன்னு தலையால அடிச்சுக்கிட்டேன்" என்றார் அவர் மனைவி ஈஸ்வரி அக்கா.

"அது வந்து இன்னும் ஒரு வேளைச் சோறு திங்கல. அதுக்குள்ள நீ மாமியா மாதிரி கொற சொல்றியே!"

என்னை டிரைவர் சீட்டில் உட்காரவைத்து, பெடலில் கால் வைக்கச் சொல்லிவிட்டு அண்ணன் வண்டிக்கு அடியில் படுத்தார். "வெரசா மூணு தடவ மிதி. தூக்குதா?"

"தூக்குதுண்ணே."

"அப்படியே அமுக்கிப் பிடி. எறங்குதா?"

"இல்லண்ணே, நிக்குது."

"அப்ப ஆயில் சிலிண்டர் வாசரும் நல்லாருக்கு, கிளட்ச்சும் நல்லாருக்கு. ஆயிலுக்குள்ள காத்து இருக்கு, அம்புட்டுதான்."

நான் மிதிப்பேன், அவர் கீழே கிளட்ச் சிலிண்டரின் முனையில் இருக்கும் நிப்பிள் என்ற சிறு திருகைத் திறந்து ஆயிலோடு காற்றை வெளியேற்றிவிட்டு மூடுவார். நான்கு முறை செய்தோம். நான்கு முறையும் பெடல் பழையபடி தரைக்கே போனது. புது செட்டைக் கழற்றிப் பார்க்க, கியர்பாக்ஸைத் திரும்ப இறக்கச் சொன்னார் அக்கா. இறக்கி ஏற்ற இன்னொரு முழு நாள் வேண்டும்.

அப்போதுதான் சூப்பர்வைசரின் போன் வந்தது. "ஏம்மா, தங்கப்பாண்டி போனை எடுக்க மாட்டேங்கிறார். நாளைக்கு வண்டி வருமா? வராதுன்னா லைனை வேற ஜீப்புக்குக் குடுத்துருவேன். உண்மையைச் சொல்லு." எஸ்டேட்டுக்கு தினமும் ஆள் ஏற்றும் அந்த லைன் போனால் அண்ணனுக்கு வேறு ஓட்டம் கிடையாது. "ஜீப்பு ரெடி சார்" என்றேன். என் கால் பெடலோடு சேர்ந்து தரையில் கிடந்தது.

எங்கள் தெரு சரிவானது. பேட்டரி மக்கர் செய்தால் உருட்டிவிட்டுக் கிளப்பலாம் என்று எல்லா ஜீப்பையும் மூக்கு பள்ளத்தைப் பார்க்கத்தான் நிறுத்துவார்கள். அன்றும் அப்படித்தான் சக்கரத்துக்குக் கல் கொடுத்து நின்றது. அடியில் சாக்கை விரித்துப் படுத்திருந்த அண்ணன் நிமிடத்துக்கு ஒரு தரம் கீழே சறுக்கி, திட்டிக்கொண்டே மேலே ஏறிப் படுத்தார். ஐந்தாவது முறை சறுக்கியவர் திட்டவில்லை. சறுக்கிய இடத்திலேயே படுத்துக் கிடந்தார்.

"என்னங்க, தூங்கிட்டீங்களா?" என்றார் அக்கா.

"அடியே, நான் கீழ சறுக்குறேன். காத்தும் என் கூடவா சறுக்கும்? அது மேல ஏறி சிலிண்டரோட பின்மூலைல உக்காந்திருக்கு. நான் தொறக்குற நிப்பிளு முன்னாடி பள்ளத்துல கெடக்கு. எப்படி வெளிய வரும்?"

தெருக்காரர்கள் சேர்ந்து ஜீப்பைக் கீழே சமதளத்துக்கு உருட்டினார்கள். நிப்பிள் மேலே வரும்படி ஜாக்கி வைத்து முன்பக்கத்தைத் தூக்கி, முன்சக்கரங்களுக்கு அடியில் பாறைக்கல் கொடுத்தார் அண்ணன். நான் மிதித்தேன். நிப்பிள் புஸ்ஸென்று சீறியது. இரண்டாவது மிதியிலும் சீறியது. மூன்றாவதில் வெறும் ஆயில். நான்காவதில் பெடல் என் காலை எதிர்த்துத் தள்ளியது.

"சார் போன் பண்ணாரு. ரெடின்னு சொல்லிட்டேன்" என்றேன்.

"எப்ப சொன்ன?"

"பெடல் தரையில கெடந்தப்ப."

முகமெல்லாம் ஆயிலோடு, அப்படியே தரையில் உட்கார்ந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "அடி ஆத்தா! மாத்திரை குடுக்கறப்பவும் இப்படித்தான் சொல்லுவியா?"

மறுநாள் மலை ஏறினோம். அந்தப் பொய்யை அவரும் கடைசிவரை யாரிடமும் சொல்லவில்லை.

அண்ணனை நினைக்கும்போதெல்லாம் அந்தச் சிரிப்பும், ஆயில் வழிந்த முகத்தில் பளிச்சென்று தெரிந்த பற்களும்தான் முன்னால் வருகின்றன. போய் வாருங்கள், அண்ணே.

காரியம் முடிந்த பிறகு ஈஸ்வரி அக்காவே எஸ்டேட்டுக்குப் போய்ப் பேசினார். லைன் வேறு யாருக்கும் போகவில்லை. ஜீப்பை இப்போது அக்காவின் தம்பி ஓட்டுகிறார்.