பம்பாய் மாமாவின் இந்தி

பம்பாய் மாமா மோசம் போய்விட்டார் என்ற செய்தியைப் பக்கத்து வீட்டு மணியக்கா விடியற்காலையில் எங்கள் படலையில் நின்று சொன்னார். இரவு நெஞ்சுவலி வந்திருக்கிறது. ஊரடங்கு நேரத்தில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வழியில்லை. அம்மா தலையில் கை வைத்தபடி வாசற்படியில் இருந்துவிட்டார். எனக்கு அழுகை வரவில்லை. அன்று ஞாயிற்றுக்கிழமை. இனி ரீவியை யார் போடுவார்கள் என்பதுதான் முதலில் வந்த யோசனை. அடுத்ததாக, இனி அந்த வாய் கதை சொல்லாது என்று ஒரு நிம்மதி வந்தது.

ஒழுங்கைச் சனங்களே, இந்தச் சின்னத் தெருவில் நீங்கள் எல்லாரும் அவரைப் பற்றி நல்லதாகவே சொல்லி முடித்துவிட்டீர்கள். நானும் சொன்னேன். கருமாதிக் கிரியை செய்யும் அந்தியேட்டி அன்று கொடுக்கும் நினைவுப் புத்தகத்துக்கு, அதுதான் கல்வெட்டுக்கு, "நீ வடிவாய் எழுதுவாய் பிள்ளை" என்று மாமி கேட்டார். மாமாவின் பன்மொழி அறிவைப் புகழ்ந்து ஒரு பக்கம் எழுதிக் கொடுத்தேன். இன்று கீரிமலைக் கடற்கரையில் கிரியை முடிந்து வந்ததும் அந்தப் புத்தகம் எல்லார் கையிலும் வந்தது. அம்மா வாசித்துவிட்டுக் கண்ணைத் துடைத்தார்.

அது பொய். விளக்குத் திரியை இறக்கி வைத்து உண்மையை இங்கே எழுதுகிறேன். வெளிச்சம் கண்டால் மேலே ஹெலி வரலாம், கதவடிக்கு அம்மா வரலாம். எனக்கு அம்மாவுக்குத்தான் கூடப் பயம். என்னை யாழ்ப்பாணப் பட்டணத்துப் பள்ளிக்கூட விடுதிக்கு அனுப்புவதா இல்லையா என்று திங்கட்கிழமை அவர் பள்ளிக்கூட அதிபருக்குப் பதில் சொல்ல வேண்டும். ஊர்ப் பள்ளிக்கூடத்தில் இனி எனக்கு விஞ்ஞான வகுப்பு இல்லை. அப்பா சவூதியில் இருப்பதால் முடிவு அம்மாவுடையது. அம்மாவின் தலைக்குள்ளே பம்பாய் மாமா இன்னும் பேசிக்கொண்டிருக்கிறார்.

அவர் எண்பத்து மூன்று கலவரத்துக்குப் பிறகு கொழும்பிலிருந்து வந்து எங்கள் ஒழுங்கையில் குடியேறியவர். பம்பாயில் கப்பல் கம்பனியில் இருந்ததாகத் தானே சொன்னார், நாங்களும் நம்பினோம். ஒழுங்கையில் முதலில் ரீவி வாங்கியவரும் அவர்தான். முற்றத்தில் குழாய்க்கு மேல் குழாயாகப் பொருத்திப் பனை உயரத்துக்கு அன்ரனா நிறுத்தினார். காற்று விழுந்த காலைகளில் இந்தியப் படம் கண்ணாடி மாதிரித் தெரியும். காற்று எழும்பினால் குழாயைத் திருப்புவது என் வேலை. "தெரியுதோ?" என்று நான் முற்றத்திலிருந்து கத்துவேன். "இல்லை, இன்னும் திருப்படி! சோறு தின்னேல்லையோ?" என்று அவர் கதிரையிலிருந்து கத்துவார். நல்ல கட்டங்கள் பாதியை நான் குழாயைப் பிடித்துக்கொண்டே தவறவிட்டேன்.

எனக்குப் பிடித்தது ஒரு சிங்களத் தொடர். ரயில் கடவையைக் காப்பவனின் மனைவி பற்றியது. அவள் அதிகம் பேசமாட்டாள். ரயில் வரும்போது கடவையை மூடுவாள், போனபின் திறப்பாள். அவளுடைய முகத்தைப் பார்த்தாலே வீட்டில் என்ன நடந்திருக்கிறது என்று விளங்கும். மாமா சந்தைக்குப் போன நாட்களில் மாமி போட்டுவிடுவார். ஒருநாள் அவர் பையோடு உள்ளே வந்தார். "உதென்ன, ஆமிக்காரன்ரை பாஷையிலை நாடகமோ?" என்று பட்டென்று நிற்பாட்டினார். எல்லாரும் அதை ஏதோ பெரிய கொள்கை என்று நினைத்தீர்கள். உங்களில் அரைவாசிப் பேர் தெற்கில் வேலை செய்து சிங்களம் பழகியவர்கள். சிங்களத் தொடர் போட்டால் அவருடைய வாய்க்கு வேலை இருந்திருக்காது.

இந்திக்கு மட்டும் அவர் வேண்டும். "விளங்காமல் பாக்கிறது மாடு. விளங்கப்படுத்திறவன்தான் மனுசன்" என்று சொல்லிவிட்டுத் தொடங்குவார். துப்பறியும் தொடரில் கொலைகாரன் யார் என்று பாதியிலேயே சொல்லிவிடுவார். எப்போதும் சமையல்காரன்தான். கடைசியில் பொலிஸ் வீட்டு முதலாளியைப் பிடித்துக்கொண்டு போகும். "சமையல்காரன் தப்பிட்டான், இவர் பாவம் மாட்டுப்பட்டிட்டார்" என்பார். நீங்களும் முதலாளிக்காக இரங்குவீர்கள். எனக்குப் பல்லைக் கடிக்கத் தோன்றும்.

ஆனால் நான் அவரை மன்னிக்காதது ஞாயிறு காலைத் தொடரால். பெரிய வீடு, நாலு பெண்கள். மூத்தவள் படிக்கப் பெட்டியோடு ரயில் ஏறினாள். அந்த நாட்களில்தான் என் அக்காவுக்கும் பட்டணத்து விடுதியில் இடம் கிடைத்திருந்தது. அம்மா அரை மனதோடு இருந்தார். அடுத்த ஞாயிறு அந்த வீட்டுக்கு ஒரு தந்தி வந்தது. எல்லாரும் கட்டிப்பிடித்து அழுதார்கள்.

"முடிஞ்சுது" என்றார் மாமா. "கிணத்திலை விழுந்திட்டாளாம். விடுதியிலை விட்ட பெட்டை வேறை என்னாவாள்?"

அம்மா வாயைப் பொத்திக்கொண்டார்.

"மாமா, அழுதுகொண்டு ஏன் லட்டு ஊட்டுகினம்?" என்று நான் கேட்டேன்.

"அங்கை செத்தவீட்டிலை இனிப்புக் குடுக்கிறதுதான் வழக்கம். நீ போய் அன்ரனாவைப் பார்."

அக்கா விடுதிக்குப் போகவில்லை. "படிச்சது காணும்" என்று அம்மா சொன்னார். அந்த வருடமே சாவகச்சேரியில் கட்டிக்கொடுத்தார்கள். அக்கா கணக்கில் என்னைவிடக் கெட்டிக்காரி. இப்போது ஒரு கைக்குழந்தையோடு, ஷெல் விழும்போதெல்லாம் வாழைத்தோட்டத்துக்குள் ஓடுகிறாள்.

சில மாதம் கழித்து மூத்தவள் வெள்ளைக் கோட்டுப் போட்டுக்கொண்டு அதே வீட்டுக்குள் வந்தாள். விறாந்தையில் எல்லாரும் மாமாவைத் திரும்பிப் பார்த்தார்கள். மாமா கொஞ்சம் இருமினார். பிறகு, "இது அவளின்ரை இரட்டை. சின்னனிலை தாய்மாமன் வளர்த்தது" என்றார்.

"நெத்தியிலை அதே தழும்பு இருக்கே, மாமா?"

"இரட்டையெண்டால் எல்லாம் ஒரேமாதிரித்தானடி இருக்கும்!"

நீங்கள் சிரித்தீர்கள். என்னைப் பார்த்துத்தான் சிரித்தீர்கள்.

மாமாவின் மகள் கௌரியக்கா கண்டியில் படிப்பிக்கிறார். அப்படி ஒரு மகள் இருப்பதே செத்தவீட்டில்தான் பலருக்குத் தெரியவந்தது. பாதை திறக்கக் காத்திருந்து எட்டாம் நாள் கிரியையான எட்டுச் செலவுக்குத்தான் வந்து சேர்ந்தார். அடுப்படியில் அவரோடு மரக்கறி வெட்டிக்கொண்டிருந்தபோது, மாமா பம்பாயில் எத்தனை வருடம் இருந்தார் என்று கேட்டேன்.

"ஆர், அப்பாவோ? அவர் கொழும்பிலை கிளாக்கர். கப்பலிலை ஏறினதே இல்லை."

"அப்ப இந்தி?"

"எந்த இந்தி?"

நான் மூத்தவளின் கதையைச் சொன்னேன். தந்தி, கிணறு, இரட்டைப்பிள்ளை எல்லாம். முதலில் சிரிக்கத் தொடங்கினார். பிறகு கத்தியைக் கீழே வைத்தார்.

"நானும் விடுதியிலை இருந்து படிச்சனான்தான். பிறகு நானாய்ப் பாத்துக் கலியாணம் செய்தனான். அதோடை அவர் என்ரை முகத்திலை முழிக்கேல்லை. உங்களுக்கு முன்னாலை இருத்தி அவர் சாக்காட்டினது என்னையடி."

பாவம் என்று சொல்வீர்கள். பிள்ளையைப் பிரிந்த மனம் என்று சொல்வீர்கள். எனக்கு இரக்கம் வரவில்லை. அவருக்குத் தன் மகளோடு கோபம் என்றால் கண்டிக்குக் கடிதம் எழுதியிருக்கலாம். என் அக்காவின் புத்தகங்களைப் பரணில் ஏற்ற அவருக்கு என்ன உரிமை? மாமிக்கும் தெரிந்திருக்கிறது. பக்கத்தில் இருந்து தேத்தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார்.

அன்றே அம்மாவிடம் சொன்னேன்.

"செத்த மனுசனைப் பற்றி உப்பிடிக் கதைக்காதை" என்றார் அம்மா.

"அவருக்கு இந்தி தெரியாது அம்மா. எல்லாம் பொய்."

"சரி, பொய்யெண்டே வைப்பம். அப்ப அந்தப் பிள்ளைக்கு உண்மையிலை என்ன நடந்தது? நீ சொல்லு பாப்பம்."

எனக்கு இந்தி தெரியாது. அம்மா தலையை ஆட்டிக்கொண்டு வேலையைப் பார்க்கப் போனார்.

செத்தவீட்டுத் துடக்கு இன்றோடு கழிந்துவிட்டது. சாப்பாட்டுப் பந்தியில் மாமி, நாளைக்கு ஞாயிறு, ரீவி போடுவோம், சனம் பாவம் என்றார். "போட்டு என்ன, கதை சொல்ல ஆள் வேணுமே" என்றார் மணியக்கா. பிறகு அவரே என்னைக் காட்டி, "உவள் இருக்கிறாள். அவரோடை தர்க்கம் பண்ணிப் பண்ணியே இந்தியைப் பிடிச்சிருப்பாள்" என்றார். பந்தி முழுக்கச் சிரித்தது. அம்மா மட்டும் சிரிக்காமல் என்னை நிமிர்ந்து பார்த்தார்.

"உனக்கு விளங்குமோ?"

"ஓம் அம்மா" என்றேன். "கொஞ்சம் விளங்கும்."

அதுவும் பொய்தான். பிடிபட்டால் விடுதி மட்டுமல்ல, பள்ளிக்கூடமே இல்லாமல் போகும். ஆனாலும் அவர் எப்படிச் செய்தார் என்று எனக்குத் தெரியும். படத்தில் வாய் அசைந்து முடிவதற்குள் சொல்லிவிட வேண்டும். இடைவெளி விட்டால் சனம் தானாக யோசிக்கத் தொடங்கும். கேள்வி வந்தால் கேட்டவரைக் கொஞ்சம் பகிடி பண்ண வேண்டும். தயங்கவே கூடாது. பம்பாய் மாமாவிடமிருந்து நான் வைத்துக்கொள்வது இதை மட்டும்தான். மிச்சத்தைக் கீரிமலைக் கடல் கொண்டுபோகட்டும்.

நாளைக்கு அம்மா முன்னுக்கு இருப்பார். படத்தில் யார் வந்தாலும், யார் போனாலும், எவள் விழுந்து விழுந்து அழுதாலும், மூத்தவளை விடுதிக்கு அனுப்பியதுதான் தன் வாழ்க்கையில் செய்த நல்ல காரியம் என்று அந்த வீட்டுத் தாய் சொல்லப்போகிறாள்.