புருஷன் வெட்டாமல் விட்ட மூலை

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் வெள்ளானூர் ஏரியோரம் நாற்பது சென்ட் நிலம் வாங்கினோம். நீர்ப்பிடிப்புப் பகுதி, வீடு கட்டக்கூடாது, பயிர் மட்டும் செய்யலாம் என்றார்கள். அதனால்தான் எங்கள் கைக்கு எட்டியது. அப்படிப்பட்ட நிலத்தில் கிணற்றைத் தூர் வாரி மோட்டார் போட மானியம் உண்டு என்று கேள்விப்பட்டதும் எனக்குத் தரையில் கால் பாவவில்லை.

மனுவில் 'தொழில்' என்று ஒரு கட்டம் இருந்தது. என் அம்மா ஆயுசுக்கும் பிறத்தியார் வயலில் நாற்று நட்டவள். எந்தத் தாளிலும் அவளுக்கு 'கூலி' என்றுதான் எழுதினார்கள். நான் 'விவசாயி' என்று எழுதினேன். எழுதிவிட்டு, யாராவது சிரிக்கிறார்களா என்று சுற்றிப் பார்த்தேன். மோட்டார் கிடக்கட்டும், அந்த ஒரு வார்த்தையை ஒரு அதிகாரி ஒப்புக்கொள்ள வேண்டும் என்று மனசு அடித்துக்கொண்டது.

புதன்கிழமை இடம் பார்க்க வருவதாகத் தபால் வந்தது. என் புருஷன் அம்பத்தூர் எஸ்டேட்டில் லேத் ஓட்டுபவர். அவர் கம்பெனியில் இன்ஸ்பெக்ஷன் என்றால் புல்லைச் செதுக்கி, அடிமரத்துக்குக் காவியும் சுண்ணாம்பும் அடிப்பார்கள். எங்களுக்குத் தெரிந்த இன்ஸ்பெக்ஷன் அது ஒன்றுதான். ஞாயிற்றுக்கிழமை இரண்டு பேரும் அரிவாளோடு இறங்கினோம். கரையோரப் புதரை ஒட்ட வெட்டினோம், வரப்புக் கல்லுக்கெல்லாம் சுண்ணாம்பு அடித்தோம். கிணற்றுக்குப் பின்னால் ஒரு மூலை மட்டும் பாக்கி.

"இன்னாய்யா, அத்த மட்டும் உட்டுட்ட?"

"பாம்பு கீதும்மே. நான் போ மாட்டேன்."

"பாம்பும் இல்ல, பல்லியும் இல்ல. உனுக்கு ஒடம்பு வணங்கல!"

புதன்கிழமை காலையில், வாசலில் போடுவதுபோல் வரப்பில் கோலமே போட்டுவிட்டேன். வந்த அதிகாரி கோலத்தைத் தாண்டி நின்று நாலு பக்கமும் பார்த்தார்.

"ஏம்மா, இங்க இருந்த புதரெல்லாம் எங்க?"

"க்ளீன் பண்ட்டோம் சார்!" என்றேன் பெருமையாக.

அவர் மனுவைத் திருப்பிக் காட்டினார். "பின்பக்கம் படிக்கலையா? கரையோரப் புதரை அழிக்காம விவசாயம் பண்றவங்களுக்குத்தாம்மா இந்த மானியமே."

பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்தது.

அப்போது கிணற்றுக்குப் பின்னாலிருந்து ஒரு கானாங்கோழி வாலை ஆட்டிக்கொண்டு வெளியே வந்தது. பின்னாலேயே கன்னங்கரேலென்று நாலு குஞ்சு. அதிகாரி அப்படியே குந்தி உட்கார்ந்துவிட்டார்.

"அடடே! இந்த மூலைய மட்டும் ஏன் விட்டீங்க?"

என் புருஷன் கண் சிமிட்டாமல் சொன்னார்: "குஞ்சுங்கோ கீது சார். அத்தப் போயி எப்டி சார் வெட்றது?"

சிரிப்பை அடக்க முந்தானையை வாயில் திணித்துக்கொண்டேன்.

"மத்ததும் வளரட்டும். இனிமே கத்தி வெக்காதீங்க," என்று சொல்லி அதிகாரி எழுதிக்கொண்டார்.

அடுத்த மாதம் மானிய உத்தரவு வந்தது. என் பேருக்கு முன்னால் 'விவசாயி' என்று டைப் அடித்திருந்தது. எடுத்துக்கொண்டு பட்டாபிராமுக்கு அம்மாவிடம் ஓடினேன். அவளுக்கு எழுத்து தெரியாது. அந்த வார்த்தை எங்கே என்று கேட்டு, விரலை அதன்மேல் வைத்துப் பார்த்தாள்.

"அப்ப நடவுக்கு என்னியக் கூப்புடு. ஆனா கூலி கரீட்டா குட்த்துடணும்," என்றாள் அம்மா.