‘போட்டாச்சு’ என்று சொன்னது நான்

ரேணு அக்கா போய்விட்டார் என்ற செய்தி எங்கள் லேப் வாட்ஸ்அப் குழுவில் வந்தபோது மகளுக்குத் தலை வாரிக்கொண்டிருந்தேன். மாரடைப்பு, தங்கா பத்து ஊரிலிருந்த அவர் வீட்டிலேயே. எல்லாரும் இரண்டு வரியாவது எழுதினார்கள். நான் கைகூப்பும் படம் ஒன்றை மட்டும் போட்டேன். பதினாறாம் நாள் காரியமும் முடிந்தபின் இதை எழுதுகிறேன். இவ்வளவு தாமதமானதற்குக் காரணம் வெட்கம்தான்.

ஆயர் குரோவில் வெற்றிலையிலிருந்தும் செராய் எனும் எலுமிச்சைப்புல்லிலிருந்தும் சாறு எடுக்கும் சின்ன லேப் எங்களுடையது. ஐந்து பேர். எரிசாராயத்தில் ஊறிய இலைச் சாற்றைச் சூடாக்கி, சாராயத்தைத் தனியே பிரிக்கும் கண்ணாடி இயந்திரம் அக்காவின் பொறுப்பு. தரம் பார்ப்பது என் வேலை.

அந்த இயந்திரம் வாங்கியபோது முதலாளி இருபது லிட்டர்மீது ஆசைப்பட்டார். பட்டம் படித்த நானும் தலையாட்டினேன். அக்கா மட்டும் மறுத்தார். “நாம ஊறப்போடுறது ரெண்டு வாளி எலை, பாஸ். இருபது லிட்டர் குடுவையில அது அடியில ஒட்டிக்கிட்டு நிக்கும் லா. அஞ்சு லிட்டர் போதும். மிச்சத்துக்கு நல்ல சில்லரா வாங்குங்க. சூடாக்க யாராலயும் முடியும், குளிர வைக்கிறதுதான் பாடு.” அவர் சொன்னதே சரியாயிற்று.

ஆவியைக் குளிரவைக்கும் அந்தச் சில்லர் நன்றாகக் குளிர அரை மணி நேரமாகும். ஒருமுறை குளிர்ந்தால் மூன்று தடவையாவது ஓட்டிவிட்டுத்தான் அணைப்பார். “போட்டாச்சான்னு கேக்காதே. குளிர்ந்துருச்சான்னு கேளு” என்பார். நான் விழித்தால் சிரிப்பார். “ஒன்னோட டிகிரி சுவத்துல தொங்குதும்மா. சில்லர்ல ஒரு டிகிரி ஓடுது, அதப் பாரு.”

ஒரு மதியம் மின்சாரம் போய் வந்தது. சில்லர் மறுபடி முதலிலிருந்து குளிர வேண்டும். அப்போது மகளை விட்டிருந்த தாஸ்காவிலிருந்து, அந்தக் குழந்தைக் காப்பகத்திலிருந்து, அழைப்பு: காய்ச்சல் கொதிக்கிறது, உடனே வாருங்கள். அக்கா இலை நிறுத்துக்கொண்டிருந்தார். அவருக்கு உதவுவதாக நினைத்து சில்லரைப் போட்டேன், சூட்டையும் போட்டேன், பையை எடுத்தேன்.

“குளிர்ந்துருச்சா?” என்று உள்ளிருந்து கேட்டார்.

“போட்டாச்சுக்கா!” என்று கத்திவிட்டு ஓடினேன்.

குளிர்ந்ததைப் பார்த்துவிட்டுத்தான் சொல்கிறேன் என்று அவர் நம்பிவிட்டார். குளிராத குழாயில் சாராய ஆவி நிற்காமல், இயந்திரத்தில் காற்றை உறிஞ்சும் பம்புக்குள் நேரே போனது. பம்பு கெட்டது. ஒரு வாரம் லேப் முடங்கியது.

மறுநாள் முதலாளி கத்தினார். லாக் புக்கில் அக்காவின் பெயர்தான் இருந்தது. அக்கா என்னைப் பார்த்தார். நான் பார்வையைத் திருப்பிக்கொண்டேன். அப்போதுதான் மகளுக்காக அடிக்கடி லீவு எடுத்து எச்சரிக்கை வாங்கியிருந்தேன், வேலை போய்விடுமோ என்று பயம்.

“நான்தான் பாக்காம விட்டுட்டேன், பாஸ்” என்றார்.

அவரை லேபிள் ஒட்டும் மேசைக்கு மாற்றினார்கள். அன்று மாலை என்னிடம் அவர் கேட்டது ஒன்றே ஒன்று: “பாப்பாவுக்குக் காய்ச்சல் விட்டுருச்சா?”

கடைசிவரை அதற்குமேல் எதுவும் கேட்கவில்லை. இறப்பு வீட்டில் முதலாளி, “கெட்டிக்காரம்மா, ஒரே ஒரு தடவதான் கவனம் தப்பிடுச்சு” என்று அக்காவின் மகனிடம் சொன்னார். அவன் தலைகுனிந்து கேட்டுக்கொண்டான். நான் அருகில்தான் நின்றேன்.

தம்பி, உன் அம்மாவுக்கு ஒருநாளும் கவனம் தப்பவில்லை. தப்பு என்னுடையது. நேற்று முதலாளியிடம் சொல்லிவிட்டேன். லாக் புக்கில் அந்தப் பக்கத்தைத் திறந்து, அக்காவின் பெயருக்குப் பக்கத்தில் என் பெயரையும், சூட்டைப் போட்டது நான் என்பதையும் எழுதினேன்.

அக்காவிடமிருந்து எனக்கென்று மிஞ்சியிருப்பது அந்தக் கேள்வி. இப்போது யாராவது “குளிர்ந்துருச்சா?” என்று கேட்டால், போய்க் குழாயைத் தொட்டுப் பார்த்துவிட்டு வந்துதான் பதில் சொல்கிறேன்.